அண்ணன் கொடுத்த ஷில்லிங்

மைக்கேல் ஃபாரடே என்றதும் பலருக்குக் காந்தமும் கம்பிச்சுருளும் ஞாபகம் வரும். எனக்கு மைதாப் பசையின் வாசனைதான் முதலில் வருகிறது. மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. பூச்சி அரிக்காமல் இருப்பதற்காக அதைச் சேர்ப்பார்கள். அப்பா பைண்டிங் வேலை செய்தவர். பேரேடு, வக்கீல் வீட்டுச் சட்டப் புத்தகம், வார இதழிலிருந்து கிழித்துச் சேர்த்த தொடர்கதை என்று எது வந்தாலும் பிரித்துப் போட்டு, ஊசியில் நூல் கோத்துத் தைத்து, அட்டை கட்டி, கலிக்கோ துணி ஒட்டி, மேலே கல்லை ஏற்றிவிடுவார். கல் ஏறும்வரை அந்தத் தாள்களை வீட்டில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். “படிச்சா படி. தாள் வரிசை மட்டும் மாறக்கூடாது” என்பார். பல கதைகளை நடுவிலிருந்து தொடங்கிப் படித்தது அப்படித்தான்.

லண்டனில் ரீபோ என்றொருவர் இருந்தார். பிரான்சிலிருந்து வந்து குடியேறியவர். பிளாண்ட்ஃபோர்டு தெருவில் புத்தகம் விற்று, புத்தகம் கட்டிக் கொடுத்து, செய்தித்தாள்களை வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர். 1804இல் அவரிடம் எடுபிடியாகச் சேர்ந்தபோது ஃபாரடேக்கு ஏறத்தாழப் பதின்மூன்று வயது. ஒரு வீட்டில் செய்தித்தாளைக் கொடுத்து, அவர்கள் படித்து முடித்ததும் வாங்கி, அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். அதுதான் வேலை. அடுத்த ஆண்டே ரீபோ அவரை ஏழாண்டுப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார். அந்நாளில் பிள்ளையைத் தொழிலுக்கு விட வேண்டுமென்றால் பெற்றோர் முதலாளிக்குப் பணம் கட்டுவது வழக்கம். இந்தப் பையனின் நேர்மையான உழைப்பைக் கருதிப் பணம் எதுவும் பெறப்படவில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டார்கள். இந்த வரியை நான் பெரிதாக நினைக்கிறேன். கட்டச் சொல்லியிருந்தால் அந்தக் குடும்பத்தால் கட்டியிருக்க முடியாது.

தந்தை ஜேம்ஸ் கொல்லர். உடம்பு முடியாதவர்; பட்டறைக்குப் போன நாட்கள் உண்டு, போகாத நாட்களும் உண்டு. நான்கு பிள்ளைகள். 1801இல் தானிய விலை ஏறியபோது மைக்கேலின் பங்கு வாரத்துக்கு ஒரு ரொட்டி. ஒன்பது வயதுப் பையன் அந்த ஒரு ரொட்டியை ஏழு நாளுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். எழுதப் படிக்க, கொஞ்சம் கணக்குப் போட என்ற அளவோடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது.

மீதியைக் கடை சொல்லிக்கொடுத்தது. கட்டுவதற்கு வந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்று கிடைத்தது. படித்ததோடு விடவில்லை. மேரிலிபோன் பக்கத்தில் ஒரு பழைய சாமான் கடையில் இரண்டு கண்ணாடிக் குப்பிகள் இருந்தன. பெரியது ஆறு பென்ஸ், சின்னது ஒரு பென்னி. அந்தக் காசு சேரும்வரை கடை வழியாகப் போகும்போதெல்லாம் அவற்றைப் பார்த்துவிட்டுப் போவாராம். வாங்கிவந்து, தேய்த்தால் பொறி வரும் மின்னியந்திரம் ஒன்றைச் செய்துகொண்டார். புத்தகத்தில் சொன்னபடி பொறி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் புத்தகத்தை நம்பினார்.

பிற்காலத்தில் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பற்றி ஃபாரடே சொல்கிறார். தான் மேதைப் பிள்ளையல்ல, கற்பனை அதிகம், அரேபிய இரவுக் கதைகளை எவ்வளவு சுலபமாக நம்புவாரோ அவ்வளவு சுலபமாகக் கலைக்களஞ்சியத்தையும் நம்பிவிடக்கூடிய பையன். கண்ணால் கண்டு சோதித்த உண்மைதான் தன்னைக் காப்பாற்றியது என்கிறார். அந்தக் கடிதம் எழுதப்பட்ட ஆண்டு 1858. எழுதக் காரணம், ஜேன் மார்செட் என்ற பெண்மணியின் மரணம்.

மார்செட் எழுதிய வேதியியல் உரையாடல்களும் அந்தக் கடையில்தான் ஃபாரடேயின் கைக்கு வந்தது. ஓர் ஆசிரியையும் இரண்டு சிறுமிகளும் பேசிக்கொள்வதாக அமைந்த புத்தகம். 1805இன் இறுதியில் வந்தபோது அட்டையில் ஆசிரியர் பெயரே கிடையாது. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் உரைகளைக் கேட்ட மார்செட், கேட்டது முழுதாகப் புரியாமல், வீட்டுக்கு வந்து நண்பரோடு பேசிப் புரிந்துகொண்டார். அப்படிப் பேசிப் புரிந்துகொண்ட முறையிலேயே பெண்களுக்காக அந்த நூலை எழுதினார். டேவி பேசியது மார்செட்டின் காதில் விழுந்து, புத்தகமாகி, பைண்டிங் கடைக்கு வந்து, பையன் ஒருவனை எட்டி, அவனைத் திரும்ப டேவியிடமே கொண்டுபோய்ச் சேர்த்தது. ஃபாரடே இதை மறக்கவில்லை. பெரிய ஆளான பிறகு தன் ஆய்வுக் கட்டுரைகளை அந்த அம்மாளுக்கு நன்றியாக அனுப்பிவைத்தார்.

“யாருடைய உதவியும் இல்லாமல் தானே படித்து முன்னேறியவர்” என்று பிள்ளைகளுக்கான புத்தகங்களில் ஃபாரடேயைப் பற்றி எழுதுகிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். உதவி இல்லாமல் எங்கே படித்தார்? ரீபோ பணம் வாங்காமல் சேர்த்துக்கொண்டார். வேலை முடிந்த நேரத்தில் படிக்கவும் சோதனை செய்யவும் விட்டார். கடை வீட்டில் குடியிருந்த ஓவியர் மஸ்கரியர், பொருட்களைத் தூரமும் பருமனும் தெரிய வரைவதற்குக் கற்றுத்தந்தார். அந்தப் படிப்பு இல்லாவிட்டால் சோதனைக் கருவிகளை அப்படியே தாளில் இறக்கியிருக்க முடியாது.

ஃபாரடேயின் அண்ணன் ராபர்ட்டுக்கு வருகிறேன். 1810 வாக்கில் ஜான் டேட்டம் என்பவர் ஃபிளீட் தெருவுக்கு அருகே, டார்செட் தெருவில் தன் வீட்டிலேயே மாலை நேர அறிவியல் உரைகள் நிகழ்த்திவந்தார். கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பைத் தெருவில் நடந்துபோகையில் ஃபாரடே பார்த்தார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். பெரிய குப்பியும் சின்னக் குப்பியும் சேர்ந்தே ஏழு பென்ஸ்தான்; ஒரு ஷில்லிங் என்றால் பன்னிரண்டு பென்ஸ். பயிற்சிப் பையனின் கையில் ஏது அவ்வளவு? ராபர்ட் கொடுத்தார். அவரும் அப்பாவைப் போலக் கொல்லர். அந்த ஆண்டே அப்பா இறந்துபோனார். வீட்டுச் சுமை ராபர்ட்டின் தோளுக்கு வந்த காலம் அது. இரும்படித்துச் சம்பாதித்த காசில் தம்பி போய் மின்சாரத்தையும் வானியலையும் கேட்டுவரட்டும் என்று ஓர் உரைக்கு ஒரு ஷில்லிங்காக எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஒரு டஜன் உரைகளுக்குமேல் தம்பி கேட்டார்.

டேட்டம் வீட்டுக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகும் இளைஞர்கள். பெஞ்சமின் அபட் என்ற குமாஸ்தா அங்கேதான் நண்பரானார். ஐசக் வாட்ஸ் என்ற பாதிரியார் அறிவை வளர்ப்பது எப்படி என்று ஒரு நூல் எழுதியிருந்தார். உரைகளைக் கேள், குறிப்பெடு, நண்பனோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள் என்பது அவருடைய யோசனை. ஃபாரடே அதை வரிக்கு வரி பின்பற்றினார். அபட்டுக்கு எழுதிய கடிதங்களில் ஒன்று, ஏழு செப்பு அரைப்பென்னி நாணயங்களையும் துத்தநாக வில்லைகளையும் உப்புத் தண்ணீரில் நனைத்த காகிதத்தையும் மாற்றி மாற்றி அடுக்கி மின்கலம் செய்த கதை. 1812 ஜூலையில் எழுதியது. அதைக் கொண்டு எப்சம் உப்பைப் பிரித்துக்காட்டியிருக்கிறார். படித்தால் இன்றைக்கும் அந்தப் பையனின் பரபரப்பு தெரிகிறது. எட்வர்டு மக்ராத் என்ற இன்னொரு நண்பர், வாரம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஃபாரடேயின் பேச்சையும் எழுத்தையும் திருத்தினார். ஏழு ஆண்டுகள் திருத்தினார். உலகமே கூடிக் கேட்ட பேச்சாளருக்குப் பின்னால் அந்த மனிதரின் ஏழாண்டு மாலைகள் இருக்கின்றன.

டேட்டத்தின் உரைகளையெல்லாம் படங்களோடு எழுதி, தானே நான்கு தொகுதிகளாகக் கட்டி, முதலாளி ரீபோவுக்குச் சமர்ப்பித்திருந்தார் ஃபாரடே. எந்த முதலாளிக்குத்தான் பெருமையாக இருக்காது? வாடிக்கையாளர்களிடம் எடுத்துக் காட்டினார். அதன் வழியாக டான்ஸ் என்ற இசைக்கலைஞருக்கு விஷயம் தெரிந்து, ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவியின் நான்கு உரைகளுக்குச் சீட்டுக் கிடைத்தது. 1812 பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை. கடிகாரத்துக்கு மேலே மாடத்தில் உட்கார்ந்து ஃபாரடே குறிப்பெடுத்தார். வீட்டுக்கு வந்து விரித்தெழுதினார், படம் வரைந்தார், 386 பக்கங்கள் வந்தன. அதையும் அவரேதான் கட்டினார்.

அந்தத் தையலைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். தாளை மடிப்பது, ஒழுங்கு குலையாமல் அடுக்குவது, நூலைத் தளரவிடாமலும் தாள் கிழியாமலும் இழுப்பது — இதெல்லாம் கைக்கு வர வருஷக் கணக்காகும். என் அப்பா இழுக்கும்போது நூலின் இறுக்கத்தை விரலாலேயே அறிவார். அதே பொறுமைதான் பின்னாளில் ஃபாரடேயின் கம்பிச்சுருள்களில் தெரிகிறது. இரும்பு வளையத்தில் கம்பியைச் சுற்றி, கம்பியும் கம்பியும் தொடாமலிருக்க நடுவே நூலும் துணியும் வைத்துச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். ஏழாண்டு புத்தகம் கட்டிய கை அது.

சர் ஜோசஃப் பேங்க்ஸ் அப்போது ராயல் சொசைட்டியின் தலைவர். அறிவியலோடு தொடர்புள்ள ஏதாவது ஒரு வேலை, எவ்வளவு தாழ்ந்ததானாலும் சரி, தாருங்கள் என்று ஃபாரடே அவருக்கு எழுதியிருந்தார். பதில் கிடையாது என்று வாசலில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். டேவி அப்படிச் செய்யவில்லை. 1812 டிசம்பரில் அந்த 386 பக்கத் தொகுதி அவரிடம் போனது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளே மரியாதையாகப் பதில் எழுதினார். நேரில் வரச்சொல்லி, பைண்டிங் தொழிலையே பார், அறிவியலில் காசு கிடையாது என்றும் புத்தி சொன்னார். டேவியும் பென்சான்சில் மரச்சிற்பியின் மகனாகப் பிறந்து, ஒரு மருத்துவரிடம் பயிற்சிப் பையனாக இருந்து, தானே வேதியியல் படித்து மேலே வந்தவர். சில வாரங்களில் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் அடிதடியில் வேலையை இழக்க, டேவிக்கு இந்தப் பையனின் நினைவு வந்தது. 1813 மார்ச் 1, வாரம் 25 ஷில்லிங், மேல்மாடியில் இரண்டு அறை, விறகும் மெழுகுவத்தியும் இலவசம். ஃபாரடேக்கு வயது இருபத்தொன்று.

அந்த ஆண்டு அக்டோபரில் டேவியோடு ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். பதினெட்டு மாதப் பயணம். பாரிசில் ஆம்பியர், மிலானில் வோல்டா என்ற அறிவியலாளர்களைச் சந்தித்தார். அதை ஃபாரடேயின் பல்கலைக்கழகம் என்று சொல்லலாம். டேவியின் மனைவி வழிநெடுக வேலைக்காரனாகவே நடத்தினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொறுக்க முடியாமல் பாதியில் திரும்பிவிடலாமா என்றுகூட அபட்டுக்கு எழுதினார்.

என் அப்பாவின் சைக்கிளில் டைனமோ இருந்தது. இரவில் கட்டிய புத்தகங்களைக் கொடுத்துவிட்டு வரும்போது, முன் பாரில் என்னை உட்காரவைத்து, டைனமோவைத் தட்டி டயரோடு சேர்த்துவிடுவார். ஊங்காரத்தோடு விளக்கு எரியும். மிதிக்கும் வேகத்துக்கு வெளிச்சம் கூடும், நின்றால் அணைந்துவிடும். ஏன் அணைகிறது என்பது பள்ளிக்கூடத்தில் புரிந்தது. உள்ளே இருக்கும் காந்தம் சும்மா இருந்தால் மின்சாரம் வராது. அது சுழன்று, காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால்தான் கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831 ஆகஸ்ட் 29 அன்று ஃபாரடே கண்டது இந்த மின்காந்தத் தூண்டலைத்தான். அந்த இரும்பு வளையத்தின் ஒரு பக்கச் சுருளில் மின்கலத்தை இணைத்த நொடியில், மறுபக்கச் சுருளின் கம்பிக்கு அருகே இருந்த காந்த ஊசி துள்ளியது. அப்புறம் அசையாமல் நின்றது. இணைப்பை எடுத்த நொடியில் மறுபடி துள்ளியது. அக்டோபரில் சுருளுக்குள் காந்தத்தையே நுழைத்தும் இழுத்தும் பார்த்தார். அதற்கு முன் 1820களில் பலமுறை முயன்று எதுவும் வரவில்லை. வராததையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1832லிருந்து ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டார். அந்த எண் 16,041 வரை போகிறது. தாள் வரிசை மாறக்கூடாது என்ற பைண்டிங்காரரின் பிடிவாதத்தை அதில் நான் பார்க்கிறேன்.

கணிதம் மட்டும் கடைசிவரை அவருக்கு வரவில்லை. காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வரிசை கட்டுவதைப் பார்த்து, விசைக் கோடுகள் என்ற படமாகவே எல்லாவற்றையும் யோசித்தார். அதைக் கணிதமாக மாற்றியவர் இயற்பியலாளர் மேக்ஸ்வெல். ஃபாரடே தூண்டலைக் கண்டுபிடித்த 1831இலேயே பிறந்தவர். 1857இல் அறுபத்தாறு வயது ஃபாரடே அந்த இளைஞருக்கு ஒரு கடிதம் எழுதினார்: கணிதக்காரர்கள் தாங்கள் கண்ட முடிவை எங்களைப் போன்றவர்களுக்கும் விளங்கும்படி சாதாரண மொழியிலும் சொல்லக்கூடாதா என்று. கேட்பதில் கூச்சமே இல்லை. டேட்டம் வீட்டில் ஷில்லிங் கொடுத்து உட்கார்ந்த பையன்தான் கேட்கிறான்.

அந்தப் பையனுக்குக் கிடைத்தது மற்றப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று நினைத்திருப்பார் போலும். ராயல் இன்ஸ்டிடியூஷனில் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கான உரைகள் 1825இல் தொடங்கின. ஃபாரடே பத்தொன்பது ஆண்டுகளில் அவற்றை நிகழ்த்தினார். ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவைத்து, அது எரிவதிலிருந்தே வேதியியல் முழுவதையும் சொல்லிப்போவார். அந்த மெழுகுவத்தி உரைகளின் புத்தகத்தை ஒவ்வொரு பள்ளியிலும் வாசிக்க வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ராபர்ட் அண்ணன் பிற்பாடு காஸ் குழாய் பொருத்தும் தொழிலுக்குப் போனார். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். தம்பி பேசுவதைக் கேட்க ஒருநாள் ராயல் இன்ஸ்டிடியூஷனில் போய் உட்கார்ந்திருக்கிறார். பின்வரிசையில் இரண்டு கனவான்கள். ஃபாரடேயின் திறமையையும் அவர் வளர்ந்த விதத்தையும் பேசிக்கொண்டே வந்த ஒருவர், சின்ன வயதில் அவர் காலணிக்கு மை போடும் வேலை செய்தவராக்கும் என்றாராம். ராபர்ட்டுக்குப் பொறுக்கவில்லை. திரும்பி, “ஐயா, உங்கள் காலணிக்கு எப்போதாவது மை போட்டிருக்கிறானா?” என்று கேட்டார். “ஐயையோ, அப்படியெல்லாம் இல்லை” என்று அவர் வெட்கிப்போய்ப் பேச்சை நிறுத்திக்கொண்டாராம்.