உன்னை வேலைக்கு எடுப்பது யார்?

காந்தி நகர், காட்பாடி
15 ஜூன் 2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆஃபர் லெட்டரை முக்குக் கடையில் பிரின்ட் எடுத்து, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படித்துவிட்டேன். போனில் சொன்னால் "சரி சித்தி, சரி சித்தி" என்று தலையாட்டிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். படித்ததும் அக்காவிடமும் கொடு. மஸ்கட் என்றதிலிருந்து அவளுக்குப் பாதிச் சந்தோஷம், பாதிக் கலக்கம்.

போகாதே என்று நான் சொல்லப்போவதில்லை. அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் என்று போர்டு, மாதம் 25,000 ரூபாய், அதுவும் வருஷத்துக்குப் பதினோரு மாதம். மே மாதம் வந்தால் நீ யாரோ, கல்லூரி யாரோ. ஒரு வகுப்புக்கு 1,500 வீதம் மாதம் 50,000 வரை தரலாம் என்று யு.ஜி.சி. 2019-லேயே சொல்லியாகிவிட்டது. அது உங்கள் கல்லூரி வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை. அங்கே 550 ரியால் என்றால் இன்றைய நிலவரத்தில் 1,20,000 ரூபாய்க்குக் குறையாது. நானும் இதே கணக்கைப் போட்டுத்தான் விமானம் ஏறினேன். இந்த வீட்டின் மாடி அந்தப் பணத்தில் கட்டியதுதான்.

ஆனால் அந்த லெட்டரை இன்னொரு தரம் எடுத்துப் பார். மேலே கல்லூரியின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நீயும் அதைப் பார்த்துத்தான் "காலேஜில் வேலை கிடைச்சிருச்சு சித்தி" என்றாய். கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பது யார் பெயர்? ஒரு மேன்பவர் கம்பெனியின் பெயர். விசா எடுப்பது கம்பெனி, சம்பளம் போடுவது கம்பெனி, நிறுத்துவதும் கம்பெனி. கல்லூரிக்கு அதில் 'கிளையன்ட்' என்று பெயர். கிளையன்ட் வேண்டாம் என்று சொன்னால் உன் ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது என்று ஏழாவது ஷரத்தில் இருக்கிறது. நான் பென்சிலால் கோடு போட்டது அங்கேதான்.

ஆம்பூரில் பிறந்து வளர்ந்த உனக்கு இது புதிதல்ல. உங்கள் தெருவில் எத்தனை அக்காமார் வாசலில் உட்கார்ந்து ஷூவுக்கு அப்பர் தைக்கிறார்கள்! ஜோடிக்கு இவ்வளவு என்று ஏஜென்ட் கொடுத்துவிட்டு மூட்டையை எடுத்துப் போகிறான். ஷூவில் இருப்பது வெளிநாட்டு பிராண்டின் பெயர். ஏற்றுமதிக் கணக்கு ஃபேக்டரியின் பெயரில். தைத்தவளின் பெயர் எந்த நோட்டிலும் இல்லை. கூலி நின்றுபோனால் ஃபேக்டரி ஏஜென்டைக் காட்டும், ஏஜென்ட் ஃபேக்டரியைக் காட்டுவான். நீ போகிற வேலையும் இந்த அச்சில் வார்த்ததுதான். ஊசிக்குப் பதில் மார்க்கர் பேனா, அவ்வளவுதான்.

ஓமனில் நான் இருந்த இடத்தைச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் முடித்துவரும் பிள்ளைகளை டிகிரி வகுப்பில் விடுவதற்கு முன் ஆங்கிலத்தில் தேற்றிவிடுகிற ஃபவுண்டேஷன் புரோகிராம். ஸ்டாஃப் ரூமில் என் மேஜையைச் சுற்றி ஒரு பிரிட்டிஷ் அம்மா, ஒரு பிலிப்பைன்ஸ்காரர், ஒரு துனிசியாக்காரர். நாலு பேருக்கும் ஒரே புத்தகம், ஒரே லெவல், வாரத்துக்கு ஒரே இருபது மணி நேரம், ஒரே உயரத்துக்குத் திருத்த வேண்டிய பேப்பர் கட்டு. சம்பளம் மட்டும் பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்து வந்தது. அந்த அம்மாவுக்கு என்னைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நல்ல மனுஷி, அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கடினமான இலக்கணக் கேள்வி வந்தால் அவரே பிள்ளைகளை என் மேஜைக்கு அனுப்பிவிடுவார். விளம்பரத்தில் 'நேட்டிவ் ஸ்பீக்கர்' என்று போட்டு, கூடவே பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று நாட்டுப் பட்டியலும் போடுகிறார்கள் இல்லையா, அந்தப் பட்டியலுக்குத்தான் சம்பளம். நம் எம்.ஏ.வுக்கும் எம்.ஃபில்லுக்கும் அதில் இடம் கிடையாது.

கல்லூரி நேராக எடுத்தவர்களுக்கு வீடு, குடும்பத்துக்கே டிக்கெட், கோடை விடுமுறைக்கும் சம்பளம். கம்பெனி ஆட்களுக்குப் பங்கு போட்டுக்கொள்ளும் ஃபிளாட், கோடையில் சம்பளம் இல்லாத லீவு. காலையில் கல்லூரி மெஷினில் ஒரு விரல் ரேகை, கம்பெனி ஆப்பில் ஒரு செல்ஃபி. ஒரு செமஸ்டரில் பிள்ளைகள் குறைந்தார்கள். வியாழக்கிழமை மதியம், வார விடுமுறைக்குக் கிளம்புகிற நேரம், ஒரு மெயில் வந்தது: கிளையன்டுக்கு இனி உங்கள் சேவை தேவைப்படவில்லை. அது வந்தவர்களில் ஒருவர் பிள்ளைக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் அந்த வருஷத்துக்கே ஃபீஸ் கட்டி முடித்திருந்தார்.

அடுத்து எங்கள் சம்பளமும் நின்றது. கம்பெனியைக் கேட்டால், கல்லூரியிலிருந்து பில் பாஸாகவில்லை என்றது. கல்லூரியில் கேட்டால், உங்கள் ஒப்பந்தம் எங்களோடு இல்லையே என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், டீ கூடக் கொடுத்தார்கள். கடைசியில் நாங்கள் சிலர் சேர்ந்து தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனோம். "புரொஃபசர்கள் போய் லேபர் ஆபீஸ் வரிசையில் நிற்பதா" என்று வராமல் இருந்துவிட்டவர்களும் உண்டு. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர் ஆந்திராக்கார மேஸ்திரி. எந்த ஃபாரம், எந்தக் கவுன்டர், பத்தாக்கா என்கிற அங்கத்திய அடையாள அட்டையின் நகலோடு எதையெல்லாம் இணைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். புகார் பதிவாகி இரண்டு வாரத்தில் எங்கள் கணக்கில் பணம் வந்தது. வராமல் இருந்தவர்களுக்கு அடுத்த மாதமும் வரவில்லை.

பாப்பா, இதை உனக்குப் பதிய வைக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அங்கே நீ போவது தொழிலாளி விசாவில். படிப்பின் கௌரவத்தைப் பெட்டியில் வைத்துக்கொள், தொழிலாளிக்கு உள்ள உரிமையைக் கையில் வைத்துக்கொள். நம் ஆட்கள் பலர் மாற்றி வைத்துக்கொண்டுதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நம் அரசாங்கமும் இதில் ஒரு வேடிக்கை செய்து வைத்திருக்கிறது. 1983-ன் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாவது தாண்டாதவர்கள் பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குப் போக முன் அனுமதி வேண்டும். ஓமன், சவூதி, லிபியா, ஏமன் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. எட்டாவதோடு நின்ற உங்கள் எதிர்வீட்டுப் பையன் மஸ்கட்டுக்கு டிரைவராகப் போனால், அவன் ஒப்பந்தத்தை அதிகாரி பார்த்தாக வேண்டும். 10 லட்ச ரூபாய் காப்பீடு கட்டாயம். ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிரக் கூடுதலாக வாங்கக் கூடாது. நீ பத்தாவது தாண்டியவள் என்பதால் உன் பாஸ்போர்ட்டுக்கு இந்த அனுமதி தேவையில்லை. படித்தவள், தன்னைப் பார்த்துக்கொள்வாள் என்று அரசு நினைக்கிறது. அதனால் உன் ஒப்பந்தத்தை ஊரில் எந்த அதிகாரியும் பார்க்கப்போவதில்லை. உன் அதிகாரி நீயேதான்.

இது ஓமன் கதை மட்டும் அல்ல. ஹைலே செலாசி மன்னர் காலத்திலேயே எத்தியோப்பியப் பள்ளிக்கூடங்களில் நம் நாட்டு ஆசிரியர்கள் பாடம் நடத்தினார்கள். பின்னால் அங்கத்திய பல்கலைக்கழகங்களுக்கும் ஏமன், லிபியா கல்லூரிகளுக்கும் போனார்கள். என்னோடு இருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் லிபியாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஊரில் குண்டு விழுந்தாலும் நிலுவைச் சம்பளமும் அனுபவச் சான்றிதழும் கைக்கு வராமல் கிளம்ப மனசு வராது என்பார். 2011-ல் லிபியாவிலிருந்தும் 2015-ல் ஏமனிலிருந்தும் இந்தியா ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலிலும் விமானத்திலும் மீட்டது. அதே 2015 ஜூலையில், லிபியாவின் சிர்த் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த நான்கு இந்திய ஆசிரியர்கள் ஊர் திரும்பும் வழியில் கடத்தப்பட்டார்கள். இரண்டு பேர் இரண்டு நாளில் விடுபட்டார்கள். மற்ற இருவர் விடுபட 2016 செப்டம்பர் ஆயிற்று. ஓமன் அமைதியான நாடு, லிபியாவோடும் ஏமனோடும் ஒப்பிடவே முடியாது. பணமும் சான்றிதழும் அடுத்தவர் பிடியில் இருந்தால் கிளம்ப வேண்டிய நாளில் கால் நகராது என்பது மட்டும் எல்லா ஊருக்கும் பொது.

நம் வேலூருக்கும் ஒரு காலத்தில் வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்கள் வந்தார்கள். அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853-ல் தொடங்கியது, அவர்களுடைய ஊரீசு கல்லூரி 1898-ல். அந்தத் துரைமார்களுக்குக் குடியிருக்க மிஷன் பங்களா இருந்தது, சில வருஷத்துக்கு ஒருமுறை சொந்த ஊர் போய்வர நீண்ட லீவு இருந்தது, ஒன்று ஆகிவிட்டால் பொறுப்பேற்க மிஷன் இருந்தது. கடல் தாண்டி வந்து பாடம் நடத்துகிறவருக்குப் பின்னால் யாராவது நிற்க வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். உன் பின்னால் நிற்கப்போவது யார் என்று கையெழுத்துக்கு முன்னால் கேட்டுக்கொள்.

இனி வேலை. கம்பெனிக்கு ஒரு மெயில் போடு, போனில் பேசாதே. அவர்களும் போனில் சொல்வதை எழுத்தில் தரச் சொல். கேட்க வேண்டியவை: 550-இல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? லெட்டரில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கிறது. ஓமனின் 2023 தொழிலாளர் சட்டப்படி ஒரு வருஷ வேலைக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளம் பணிக்கொடை. அடிப்படையை 200 என்று போட்டு மற்றதை அலவன்ஸ் என்று எழுதினால், கிளம்பும்போது 200 கணக்கில்தான் வரும். கோடை மாதங்களுக்குச் சம்பளம் உண்டா? கிளையன்ட் நிறுத்தினால் நோட்டீஸ் எத்தனை நாள், டிக்கெட் யார் செலவு? வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சனிக்கிழமை எக்ஸாம் டியூட்டி அதற்குள்ளா வெளியிலா? இடையில் விலகினால் விசா செலவைத் திருப்பிக் கட்டச் சொல்லும் ஷரத்து இருக்கிறது, அதை எடுக்கச் சொல். உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, பிரசவ விடுப்பு 98 நாள் என்பது அங்கே சட்டம், அதையும் எழுதச் சொல். கேட்கக் கூச்சப்படாதே.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை யார் கையிலும் விடாதே. அப்போஸ்டில் போட்டு வாங்கு, காட்டு, திரும்ப வாங்கி வைத்துக்கொள். ஆசிரியர்களின் ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ. சொன்ன பிறகும் நம்மூரில் சில இன்ஜினியரிங் கல்லூரிகள் அதைப் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்ட கதை உனக்கே தெரியும். அங்கே அதே வேலையைப் பாஸ்போர்ட்டை வைத்துச் செய்வார்கள். ஓமன் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. கேட்டால், "எங்க வழக்கம் மேடம்" என்பார்கள். வழக்கம் என்றால் எழுதிக் கொடுங்கள் என்று சொல், தரமாட்டார்கள். 2021-லிருந்து, ஒப்பந்தம் முடிந்தபின் வேறு இடத்துக்கு மாறப் பழைய முதலாளியின் என்.ஓ.சி.யும் தேவையில்லை. இது தெரியாமல் இன்னும் பயந்துகொண்டு இருக்கிறவர்கள் நிறைய.

ஏஜென்டின் லைசென்ஸ் எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பார். அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள். வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) புகார்த் தளத்தில் எப்படிப் புகார் போடுவது என்று, தேவை வருவதற்கு முன்னாலேயே தெரிந்து வைத்துக்கொள். அங்கே போன முதல் வாரத்தில் தொழிலாளர் துறை அலுவலகம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வா. கடைவீதி பார்ப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, அங்கத்திய பிள்ளைகளை உனக்குப் பிடிக்கும். நாலாவது லெவல் பாஸான ஒரு பெண் ஒரு டப்பா அல்வாவோடு என் மேஜைக்கு வந்து, முதல் நாள் ஒரு வாக்கியம் பேச வராமல் அழுததை ஆங்கிலத்திலேயே முழுதாகச் சொல்லிச் சிரித்தாள். அந்த வேலைக்காகத்தான் இன்னும் உன்னைப் போ என்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் வருகிறேன். கம்பெனியின் பதிலையும் பிரின்ட் எடுத்து வை, சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். அதுவரைக்கும் எதிலும் கையெழுத்துப் போடாதே. "இன்றைக்கே போட்டால்தான் சீட்" என்று அவசரப்படுத்தினால், சித்தியிடம் கேட்க வேண்டும் என்று சொல்லிவிடு. சித்தப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். அக்காவுக்கு மூட்டுவலித் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், கொண்டு வருகிறேன்.

அன்புடன்
உன் சித்தி