கருக்கு கீறிய கைகள்

பனைமரம் இல்லாத செய்யூரை எண்ணிப் பார்க்க இயலுமா? அடுப்பெரிக்க மட்டை பொறுக்கிய கைகளுக்குக் கருக்கு என்றால் என்னவென்று நன்கு தெரியும். மட்டையின் இரு விளிம்பிலும் ரம்பப் பல். எப்படிப் பிடித்தாலும் கீறும். அப்பெயரையே தலைப்பாகக் கொண்ட ஒரு நூல் எங்கள் வகுப்பை இரண்டு கட்சியாக்கிய கதையைத் தோழியர்க்குக் கூற விழைகிறோம்.

பாமா எழுதிய ‘கருக்கு’ 1992-ஆம் ஆண்டு வெளிவந்தது. தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த கிராமத்துச் சிறுமி ஒருத்தி படித்து, ஆசிரியையாகி, கன்னியர் மடத்தில் சேர்ந்து, பின்பு வெளியேறும் வரலாறு அது. தன்வரலாறு என்பர் சிலர். புதினம் என்பர் சிலர். லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பு கிராஸ்வேர்ட் விருது பெற்றது.

நூலக வேளையில் முதற் சண்டை மொழியைப் பற்றியது. ‘நூல் முழுதும் பேச்சுத் தமிழா? தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் வருமா?’ என்றாள் ஒருத்தி. ‘பாட்டி பேசுவதை இலக்கணமாக்கினால் அவர் பாட்டியாக இருப்பாரா?’ என்றாள் மற்றொருத்தி. சிரித்தோம்.

‘மடத்திலும் சாதி பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறாரே, நாம் இதைப் படிக்கலாமா?’ என்று கேட்டபோது சிரிப்பு அடங்கிற்று. எல்லோரும் நூலகச் சகோதரியைப் பார்த்தோம். ‘எனக்கும் வலித்தது. அதனால்தான் இரண்டு முறை படித்தேன்’ என்றார் அவர். எபிரேயர் திருமுகம் கூறும் இருபுறமும் கூரான வாளைப் பாமாவும் தம் முன்னுரையில் நினைவூட்டுவதைச் சுட்டிக் காட்டினார்.

‘ஊர்க் குறையைச் சந்திக்குக் கொண்டுவரலாமா?’ என்பது அடுத்த வினா. பாமாவின் சொந்த ஊராரே முதலில் சினந்தனராம். பல மாதங்கள் அவர் ஊருக்குள் போக இயலவில்லை. படித்த இளைஞர்கள் நூலை எடுத்துச் சொன்ன பின்னரே மனம் மாறினராம். படிக்காமல் தீர்ப்புச் சொல்வது எளிது என்பதை அறிந்தோம்.

படித்தும் தீர்ப்புச் சொல்லலாம் என்பதைப் பிறகு அறிந்தோம். நூலில் ஒரு பெரியவர், பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல் சரட்டைப் பிடித்துத் தூக்கி வருவார். சிறுமிக்குச் சிரிப்புத் தாங்காது. அண்ணன் காரணம் சொன்னதும் அச்சிரிப்பு நின்றுவிடும். ‘அதெல்லாம் பழங்கதை’ என்றோம் எங்களில் பலர்.

அதுவரை பேசாதிருந்த தோழி எழுந்தாள். ‘ஆறாம் வகுப்பு முதல் ஒன்றாகப் படிக்கிறோம். உங்கள் வீடுகளுக்கு நான் வந்திருக்கிறேன், திண்ணை வரை. எங்கள் காலனிக்கு உங்களில் யாராவது வந்ததுண்டா?’

மணி அடித்தும் எவரும் எழவில்லை.

எந்தக் கட்சி வென்றது என்று எங்களால் கூற இயலாது. மொழிச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் பொங்கல் முடிந்த ஞாயிறன்று, திருப்பலிக்குப் பின், ஐவர் அவள் வீட்டுக்குச் சென்றோம். அவள் அம்மா பனங்கிழங்கு அவித்து வைத்திருந்தார். நார் உரித்துத் தின்றபடி மாலை வரை பேசிக்கொண்டிருந்தோம்.

வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர் மூவர். சொல்லாமல் வந்தவர் இருவர். அவ்விருவரும் சேர்ந்தே இக்கட்டுரையை எழுதினோம். இம்மலர் வீட்டுக்குப் போகும் நாளில் அவர்களும் சொன்னவர்களாவர்.