வலி யாருக்கு அதிகம்?

முன்னல்லாம் மெயில்ல வந்துட்டிருந்தது, இப்போ வாட்ஸப்ல வருது. அன்னையர் தினம் ஆனா போதும். "மனித உடம்பு தாங்கக்கூடியது 45 டெல் வலிதான். பிரசவத்தில் தாய் தாங்குவது 57 டெல். 20 எலும்புகள் ஒரே நேரத்தில் உடையும் வலி!"

படிச்சு உருகறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மக்கா. அப்படி ஒரு அலகே கிடையாது. 1940கள்ல அமெரிக்காவுல ஹார்டி, உல்ஃப், குடெல்னு மூணு பேர் 'டோல்'னு ஒரு அலகைக் கொண்டு வந்தாங்க. அதோட உச்சமே 10.5 தான். ஹார்டி அதை வெச்சு பிரசவ வலியையும் அளந்தார். எப்படி? வலியில துடிக்கிற பெண்ணோட கையில சூடு வெச்சு, எந்தச் சூடு அந்த வலிக்குச் சமம்னு கேட்டு! இடுப்பு வலி பத்தாதுன்னு இது வேற.

அந்த அலகு நிலைக்கலை. இன்னைக்கும் டாக்டர்கள் "பத்துக்கு எத்தனை?"ன்னுதான் கேக்கறாங்க. ஆக, வலியை அளக்கறதுன்னா அவங்க சொல்றதை நம்பறதுதான். சிக்கலே அங்கதான்.

ஐஸ் தண்ணில கையை வெக்கச் சொன்னா, சராசரியா பெண்கள்தான் சீக்கிரம் எடுக்கறாங்களாம். ரங்கமணிகளே, உடனே காலரைத் தூக்காதீங்க. 1991ல வந்த ஒரு ஆய்வுல, சோதனை பண்றது ஒரு பெண்ணா இருந்தப்போ ஆண்கள் வலியைக் குறைச்சு சொல்லியிருக்காங்க :-) "பொம்பளை மாதிரி அழாதடா"ன்னு சொல்லி வளர்த்தா வேற என்ன ஆகும்?

உடம்புலயும் வித்தியாசம் இருக்கு. மைக்ரேன் பெண்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகம். நரம்பு அடிபட்டு வர்ற வலிக்கு ஆண் எலியில ஒரு வகை செல்லும், பெண் எலியில வேற வகை செல்லும் காரணம்னு 2015ல கண்டுபிடிச்சாங்க. இவ்ளோ லேட் ஏன்னா, அதுவரைக்கும் பெரும்பாலும் ஆண் எலிகளை வெச்சேதான் ஆராய்ச்சி!

2008ல வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வுதான் என்னை யோசிக்க வெச்சது. கடுமையான வயித்து வலியோட அவசர சிகிச்சைக்கு வந்தவங்கள்ல, வலி மருந்து கிடைக்க ஆண்களுக்கு 49 நிமிஷம், பெண்களுக்கு 65 நிமிஷம். ரெண்டு பேரும் சொன்ன வலி அளவு கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

எங்க அத்தைக்கு ரெண்டு நாளா தாடையில வலி, முதுகுல வலி, மூச்சு வாங்கல். வீட்டுல 'வாயு'ன்னாங்க. பார்த்த டாக்டர் "வயசாச்சும்மா, மனசுல எதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க"ன்னு அசிடிட்டி மாத்திரை கொடுத்தார். மூணாம் நாள் வேற ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுத்தா மாரடைப்பு. பிழைச்சுட்டாங்க, ஆனா இப்போ ஒரு மாடி ஏறவே மூச்சு வாங்குது. அதே வருஷம் மாமா நெஞ்சைப் பிடிச்சுட்டு உக்கார்ந்தார். பத்தே நிமிஷத்துல கார் கிளம்பிடுச்சு. அவருக்கு நிஜமாவே வாயுதான்!

ஊருக்குப் போனப்போ கேட்டேன், "ரெண்டு நாளா ஏன் அத்தை சும்மா இருந்தீங்க?"

"சும்மா எங்கடா இருந்தேன், சொல்லிட்டேதானே இருந்தேன்."

பொறுமைசாலின்னு பட்டம் கொடுத்தாச்சுன்னா, அப்புறம் அவங்க சொல்றது யார் காதுலயும் விழாது. மாரடைப்புல பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் அதிகம் வரும். ஆனா தாடை வலி, முதுகு வலி, குமட்டல், மூச்சுத் திணறல் எல்லாம் ஆண்களைவிட அவங்களுக்கு அதிகமா சேர்ந்து வரும். ஒரு ஈசிஜி எடுக்க சில நிமிஷம் போதும்.

உங்க வீட்டுப் பெண்கள் வலின்னா என்ன பேரு வெப்பீங்க? வாயுவா, பிரஷரா, டென்ஷனா? சொல்லிட்டுப் போங்க.