மறுநாள் காலைத் தண்ணீர்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் என்னை நாற்பது நிமிடம் பொறுத்துக்கொண்டவர்கள், இன்று ஒரு ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1987-ஆம் வருடம். பத்தாம் வகுப்பு. இரண்டாம் உலகப் போர் பாடம். லண்டன் மீது ஜெர்மானியர் குண்டு போட்டதைச் சொன்ன கையோடு, கோவென்ட்ரி நகரத்தின் கதையையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம். கரும்பலகையில் எழுதிப் போடுவேன். 1940 நவம்பர் 14 இரவு. சுமார் 500 விமானங்கள். ஏறத்தாழ 11 மணி நேரம். 4,000-க்கும் மேற்பட்ட வீடுகள் தரைமட்டம். இறந்தவர்கள் சுமார் 568 பேர். நீங்களும் அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வீர்கள்.

அன்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தாள். காலையில் அடிபம்பில் வரிசையில் நின்று நாலு குடம் கொண்டுபோய் வைத்துவிட்டு, தாமதமாக வந்து என்னிடம் திட்டு வாங்குகிறவள். “சார், மறுநாள் காலைல அவங்களுக்குத் தண்ணி எங்கருந்து சார் வந்துச்சு?” என்று கேட்டாள்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். “பரீட்சைக்கு வராததைக் கேட்காதே, உட்கார்” என்றேன். உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் என் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

என் மகளும் மாப்பிள்ளையும் அதே கோவென்ட்ரியில்தான் வேலை பார்க்கிறார்கள் என்பது உறவுகளுக்குத் தெரியும். 2019-ல் நானும் உங்கள் டீச்சரம்மாவும் மூன்று மாதம் அங்கே போய் இருந்தோம். பக்கத்து வீட்டில் 86 வயதில் ஒரு அம்மா. அந்த ஊரிலேயே பிறந்தவர். குண்டு விழுந்த இரவில் அவருக்கு ஏழு வயது. ஒருநாள் தேநீருக்குக் கூப்பிட்டார். நான் சும்மா இருப்பேனா? என் கரும்பலகைக் கணக்கை எல்லாம் அவரிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு எனக்கு என்ன தோன்றியதோ, அந்தப் பிள்ளையின் கேள்வியை அவரிடம் கேட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். “இதை யாரும் கேட்டதே இல்லை” என்றார்.

அன்று பட்டப்பகல் போல நிலா. அப்பா தொழிற்சாலையில் இரவு வேலை. ஏழு மணி தாண்டியதும் சங்கு ஊத, அம்மா இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு தோட்டத்துப் பதுங்கிடத்துக்குள் போய்விட்டார். ஆண்டர்சன் பதுங்கிடம் என்று பெயர். நெளிதகரத்தை வளைத்து, பாதி மண்ணுக்குள் இறக்கி, மேலே மண்ணைக் குவித்திருப்பார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. மழைக்காலத்தில் உள்ளே தண்ணீர் கட்டி நிற்கும். அதற்குள் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள்.

விடிந்து வெளியே வந்தால் வீட்டுக்குச் சுவர் இருக்கிறது, கூரை ஓடு இல்லை, ஒரு ஜன்னலில்கூடக் கண்ணாடி இல்லை. அம்மா முதலில் செய்த காரியம் குழாயைத் திருகியது. புஸ்ஸென்று காற்றுதான் வந்ததாம்.

ஏன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று தீக்குண்டும் வெடிகுண்டும் கலந்து போட்டார்கள். தீக்குண்டு கூரையைப் பற்ற வைக்கும். வெடிகுண்டு பூமிக்கு அடியில் ஓடும் தண்ணீர்க் குழாயையும் எரிவாயுக் குழாயையும் உடைக்கும். தீயணைப்பு வண்டி வரும், தண்ணீர் இருக்காது. அந்த ஊரின் பெரிய தேவாலயமான புனித மைக்கேல் பேராலயம் எரிந்ததும் அப்படித்தான். தலைமைக் குருவும் இன்னும் மூன்று பேரும் கூரை மேல் ஏறி, விழுந்த தீக்குண்டுகளை மணல் போட்டு அணைத்துப் பார்த்திருக்கிறார்கள். சோலிஹல் என்ற ஊரிலிருந்து தீயணைப்புப் படை வந்து சேர்ந்தது. பாதியிலேயே தண்ணீர் நின்றுபோனது. இன்றும் அதன் வெளிச்சுவர்களும் கோபுரமும் மட்டும் நிற்கின்றன. மேலே வானம்தான் கூரை.

பிறகு லாரியில் தண்ணீர் வந்ததாம். கிடைத்த வாளி, சட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வரிசை. சாக்கடைக் குழாயும் உடைந்துவிட்டதால் டைஃபாய்டு பயம். ‘கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்’ என்று ஒலிபெருக்கி வண்டி தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறது. கொதிக்க வைக்க எரிவாயு வேண்டுமே? அதுவும் இல்லை. அம்மா தோட்டத்தில் உடைந்த செங்கலை மூன்றாக வைத்து, பெயர்ந்து கிடந்த கதவைப் பிளந்து எரித்துத் தண்ணீர் கொதிக்க வைத்தாராம்.

மூன்று கல் அடுப்பு! என் கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கு இதைச் சொல்லியிருந்தால், மொத்த வகுப்பிலும் அவளுக்குத்தான் முதலில் புரிந்திருக்கும்.

அப்பா மறுநாள் மத்தியானம் நடந்தே வீடு வந்து சேர்ந்தார். டிராம் தண்டவாளம் எல்லாம் முறுக்கிக் கிடந்தது. அந்த ஊரில் அதற்குப் பிறகு டிராமே ஓடவில்லை. இருட்டினால் பயம். படுக்கையைச் சுருட்டிக்கொண்டு, சனங்கள் கூட்டம் கூட்டமாகப் பக்கத்துக் கிராமங்களுக்கு நடந்துபோய்ப் படுத்துவிட்டு, காலையில் வேலைக்குத் திரும்பி வருவார்களாம். மன்னர் ஆறாம் ஜார்ஜ் 16-ஆம் தேதி வந்து பார்த்ததை நான் ஒவ்வொரு வருடமும் சொல்லியிருக்கிறேன். இந்த நடையை ஒரு வருடம்கூடச் சொன்னதில்லை.

ஊர் கிளம்புவதற்கு முன், லண்டன் ரோடு கல்லறைக்கு மகள் கூட்டிப்போனாள். இறந்தவர்களில் பலரை நீளமாகக் குழி வெட்டி ஒன்றாகவே அடக்கம் செய்த இடம் அது. நான் எண்ணிக்கையாக எழுதிப் போட்டவர்கள் அங்கே பெயராக இருந்தார்கள். பின்னாளில் பிரிட்டிஷ் விமானங்கள் ஹாம்பர்க், டிரெஸ்டன் நகரங்களைக் கொளுத்தின. அங்கேயும் விடிந்ததும் ஏதோ ஒரு தாய் குழாயைத் திருகித்தான் பார்த்திருப்பாள். டிரெஸ்டனும் கோவென்ட்ரியும் இன்று இணை நகரங்கள்.

உங்களில் பதினெட்டு பேர் இப்போது ஆசிரியர்கள். உங்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். பரீட்சைக்கு வராத கேள்வியைக் கேட்கிற பிள்ளையை உட்கார வைத்துவிடாதீர்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். எனக்கு அன்றைக்குத் தெரியாது. அதை மறைக்கத்தான் சிரித்தேன்.

அந்தப் பிள்ளை இப்போது எந்த ஊரில் இருக்கிறாளோ, இந்தப் பதிவு அவள் கண்ணில் படுமோ படாதோ. பட்டால், இதுதான் பதில் அம்மா: லாரியில் வந்தது. வரிசையில் நின்று பிடித்தார்கள். மூன்று கல் வைத்துக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள்.

நீ கேட்டது சரியான கேள்வி. சார்தான் தப்பு.

உங்கள் வரலாற்று வாத்தியார்