வரியைக் கேட்டார்கள், கூலியைக் கேட்டார்களா?

2022 ஏப்ரலில் சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதி வீடுகளுக்குச் சொத்து வரி 50 முதல் 150 விழுக்காடு வரை ஏறியது. எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமி அரசைச் சாடினார். அதிமுக தெருவில் இறங்கியது. நிதி ஆணையத்தின் நிபந்தனை என்றார் அமைச்சர் கே.என்.நேரு. கேள்வி சரிதான். ஆனால் அது மயிலாப்பூர், அடையாறு வீட்டுக்காரரின் கேள்வி. (வாடகை வழியாக அது நம் ஆட்கள் தலையிலும் விடிந்தது, அது வேறு கதை.)

அந்த வரியில் தெருவைக் கூட்டுகிறவருக்கு என்ன போகிறது? இதைக் கேட்க அதிமுகவுக்கு நா எழாது. தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு உட்பட ஏழு மண்டலங்களின் குப்பை வேலை 2020இல், அவர்கள் ஆட்சியில்தான் தனியாரிடம் போனது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே கிடையாது; எதிர்த்துக் கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை. கூட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், அதிலும் பெண்கள்.

திமுக மட்டும் என்ன செய்தது? 2025இல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களையும் தனியாருக்குக் கொடுத்தது. எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்திருந்தவர்களை, நீதிமன்ற உத்தரவைக் காட்டி நள்ளிரவில் போலீஸ் தூக்கிச் சென்றது. பழனிசாமி அப்போது தொழிலாளர் பக்கம் பேசினார். வரவேற்கிறோம். 2020ஐயும் சேர்த்துப் பேசட்டும்.

தி.நகரில் நாங்கள் சந்தித்த அக்காக்கள் வரியைப் பற்றிப் பேசவில்லை. சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், கையுறை என்றுதான் பேசினார்கள். ஒப்பந்த நகல் கேட்டுத் தகவல் உரிமை மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். சனிக்கிழமை வரமுடிந்த மாணவர்கள் வாருங்கள் தோழர்களே, கையெழுத்து புரிகிற மாதிரி இருந்தால் போதும்.