ஸ்ரீரங்கத்துல ஒரு கரண்டி கிளாஸ்!

பாங்காக் போற டூரிஸ்ட்டுங்க மார்க்கெட்ல காய் வாங்குறதுல ஆரம்பிச்சு, அரை நாள் சமையல் கிளாஸே முடிச்சுட்டு வர்றாங்க. நீங்க லீவுக்குத் திருச்சி வந்தா? மலைக்கோட்டை, 236 அடி ராஜகோபுரம், நாலு போட்டோ, ரிட்டர்ன் பஸ்! இந்தத் தடவை கரண்டியைப் பிடிச்சுப் பாருங்க பாஸ்.

காந்தி மார்க்கெட்ல வெல்லம் வாங்கிட்டு, 1-ம் நம்பர் பஸ்ல காவிரியைத் தாண்டுங்க. ஸ்ரீரங்கத்துல தெரிஞ்ச மாமி யாராவது இருந்தா, அக்காரவடிசல் கத்துத் தரச் சொல்லிக் கெஞ்சுங்க. மார்கழி 27, கூடாரவல்லி ஸ்பெஷல் இதுதான்.

எனக்குக் கிடைச்ச மாமியோட பசங்க வெளிநாட்டுல. எனக்காகத்தான் வெண்கலப் பானை பரண்ல இருந்து இறங்குச்சு. ஒரு ஆழாக்கு பச்சரிசி, கைப்பிடி பாசிப்பருப்பு, ரெண்டு லிட்டர் பால். தண்ணி? மூச்! குக்கர்னு வாயெடுத்தா முறைப்பு. சின்னத் தீயில ஒன்றரை மணி நேரம்... "கை வலிக்கறதா? வலிக்கட்டும், கிளறிண்டே இரு!"

வெல்லப்பாகு கடைசியிலதான். முன்னாடியே போட்டா பால் திரிஞ்சுடும், அரிசியும் குழையாது. எப்போ இறக்கணும்னு கேட்டா நிமிஷக் கணக்கெல்லாம் வராது. கரண்டியிலிருந்து வழியறதைப் பார்க்கச் சொல்வாங்க. யூ-டியூப்ல ஆயிரம் வீடியோ இருக்கட்டும், பக்கத்துல நின்னு பார்த்தாதான் அந்தப் பதம் பிடிபடும்.

நெய், முந்திரி, ஏலக்காய், துளி பச்சைக் கற்பூரம். சூடா சாப்பிட்டுட்டு, பானையைத் தேய்ச்சுக் கொடுத்துட்டு வாங்க. ஃபீஸ் அவ்வளவுதான்!