நாப் மாட்டுவது கடைசி வேலை

"ராடு தலையில மாட்டற உருண்டைதானுங்கண்ணா, இதுக்குப் போய் இவ்வளவு கூலியா?" என்று கேட்டார் அந்தத் தம்பி. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். ஆன்லைனில் எஃகு கியர் நாப் ஒன்று வாங்கித் தானே மாட்டியிருக்கிறார். சுங்கம் ரவுண்டானாவில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுத்தபோது நாப் மட்டும் கையோடு வந்துவிட்டது. டப்பாவில் மூன்று பிளாஸ்டிக் புஷ், மூன்று குட்டி ஆலன் ஸ்குரூ. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று மேலே அச்சடித்திருந்தது. அப்படி எழுதியிருக்கிற சாமான் எந்த வண்டிக்கும் சரியாகப் பொருந்தாது.

கோவை கணபதியில் லேத் போட்டு, கூடவே கியர் பாக்ஸ் வேலையும் பார்த்துத் தலை நரைத்தவன் நான். பட்டறையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா உட்காரலாம் என்றிருக்கிற நேரத்தில் இந்தக் கேள்வி வந்தது. பதில் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

கனமான நாப் வெறும் பகட்டு என்று சொல்கிற மெக்கானிக்குகள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. எடை வேலை செய்யத்தான் செய்யும். பெரும்பாலான கம்பெனி நாப்கள் லேசானவை. பிளாஸ்டிக், மேலே ரப்பரோ தோலோ, அவ்வளவுதான். அதன் இடத்தில் 250 கிராமோ 300 கிராமோ உட்கார்ந்தால், இரண்டாவது கியருக்குப் போகும்போது சிங்க்ரோ ரிங் கொடுக்கிற சின்னத் தடை கைக்குத் தெரியாமல் தாண்டிப்போகும். தையல் மெஷினில் சக்கரம் கனமாக இருந்தால் தடித்த துணியிலும் ஊசி நிற்காமல் இறங்குகிறதே, அதே கணக்கு. அந்த எடை ராடின் உச்சியில் இருப்பதால் பலன் இன்னும் கூடுதல். அச்சிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தால் அது பெருகும். உச்சியில் சேர்க்கிற 100 கிராமும் பாதி உயரத்தில் சேர்க்கிற 400 கிராமும் ஒன்று.

ஆனால் கை போகிற தூரம் இதனால் ஒரு மில்லிகூடக் குறையாது. "த்ரோ ஷார்ட் ஆகுமாங்கண்ணா?" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதைச் சொல்லியே வாய் வலிக்கிறது. அதற்கு உயரம் குறைந்த நாப் வேண்டும், இல்லையென்றால் ராடின் கீழ்ப்பகுதியையே மாற்ற வேண்டும். அப்போது கைக்குப் பலமும் கூடக் கொடுக்க வேண்டும். இரண்டும் இலவசமாகக் கிடைக்காது.

எவ்வளவு எடை என்பதிலும் ஒரு நிதானம் வேண்டும். 2020 சிவிக் டைப் ஆர் வண்டிக்கு ஹோண்டா நாபுக்குள் வைத்த எடை 90 கிராம். அவ்வளவுதான். அதே கம்பெனி 1992-ல் என்.எஸ்.எக்ஸ். ஆர் வண்டிக்கு நாபை டைட்டானியத்தில் செய்தது. டைட்டானியம் எஃகின் எடையில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். பந்தய வண்டி செய்கிறவனே கிராமை எண்ணி வைக்கிறான். நம் பையன்கள் அரைக் கிலோவில் ஆரம்பிக்கிறார்கள். இன்னொரு சங்கதி, கேபிளில் கியர் மாறுகிற வண்டிகள் பலவற்றில் கம்பெனியே எடையை வைத்துத்தான் அனுப்புகிறது. பானட்டைத் திறந்து கியர் பாக்ஸ் பக்கம் எட்டிப் பாருங்கள். செலக்டர் லீவரோடு சேர்ந்து ஒரு இரும்புக் கட்டி இருக்கும். "இது எதுக்கு வெட்டியா?" என்று கழற்றி எறிந்துவிட்டு, கியர் முரடாகிவிட்டதே என்று என்னிடம் வண்டியை அனுப்பிய மெக்கானிக்கும் உண்டு.

மரை விஷயத்துக்கு வருகிறேன். ஹோண்டா ராடு 10-க்கு 1.5; அதாவது தடிமன் 10 மில்லி, ஒரு சுற்றுக்கு 1.5 மில்லி இறங்கும் மரை. நிஸானும் மிட்சுபிஷியும் 10-க்கு 1.25. டொயோட்டா 12-க்கு 1.25. நம் ஊர் ரேலிக்காரர்கள் உயிராக வைத்திருக்கிற மிட்சுபிஷி லான்சர், சீடியா ராடில் 1.5 மரை நாபைப் போட்டால் இரண்டு சுற்று சுகமாக இறங்கும், பிறகு பிடிக்கும். பையன் அதை இறுகிவிட்டது என்று நினைத்து இன்னும் ஒரு இழுப்பு இழுப்பான். ராடு மரை போச்சு. நாப் விலை ஆயிரம், ராடை இறக்கி ஏற்ற அதற்கு மேல். இந்த இரண்டு மரைக்கும் துளை போடுகிற 8.5 டிரில்லுக்கும் 8.8 டிரில்லுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும்.

விரலுக்குத் தெரிய வைத்தவர் எங்கள் மேஸ்திரி. பம்ப் ஷாஃப்ட் கடைந்தே வாழ்நாளைக் கழித்தவர்; கார் ஓட்டத் தெரியாது. செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்கள் தேடி வந்து நாப் செய்து வாங்கிப்போன கை அது. அவர் என்னை வாட்டி எடுத்தது ஒரே ஒரு வேலையில். நாபின் மேலே கியர் படம் செதுக்கியிருக்கும், தெரியும்தானே. மரை முழுக்க இறங்கி இறுகும்போது அந்தப் படம் டிரைவரை நேராகப் பார்க்க வேண்டும். அது தானாக நடக்காது. மரை எங்கே பிடிக்கிறதோ அங்கே நிற்கும். ஒன்றாம் நம்பர் பக்கத்து சீட்டைப் பார்க்கும். அடியில் ஒரு லாக் நட் போட்டு எந்தக் கோணத்திலும் நிறுத்திக்கொள்ளலாம். ஊரே அதைத்தான் செய்கிறது. மேஸ்திரி லாக் நட்டைத் தொட விடமாட்டார். "நட்டு போட்டா நாபு நட்டு மேல ஒக்காருது. ராடு மேல ஒக்காரோணும்" என்பார்.

ராடில் மரை முடிகிற இடத்தில் ஒரு தோள் இருக்கும். நாபின் அடிப்பாகம் அந்தத் தோளில் சுற்றிலும் பதிய வேண்டும், பதிந்து இறுகும் அதே புள்ளியில் படமும் நேராக வர வேண்டும். முதல்முறை என்னை நிற்க வைத்துக் கேட்டார்:

"கண்ணு, ஒரு சுத்துக்கு எவ்வளவு எறங்குது?"

"ஒன்றரை மில்லிங்க."

"அப்ப கால் சுத்துக்கு?"

நான் பென்சில் தேடினேன்.

"காயிதத்துல எதுக்குடா போடறே, டயல்ல போடு."

கால் சுற்றுக்கு 0.375 மில்லி. படம் கால் சுற்று குறைவாக நின்றால், நாபின் அடியில் அந்த அளவு ஃபேஸிங் எடுத்தால், அதாவது லேத்தில் சீவினால், நேராக வந்துவிடும். சொல்லும்போது இவ்வளவுதான். ஆனால் நாபைத் திரும்பச் சக்கில் கட்டும்போது மேல்பூச்சில் தாடைத் தடம் விழாமல் செம்புத் தகடு சுற்ற வேண்டும். மையம் ஓடாமல் பிடிக்க வேண்டும். ஃபேஸ் கோணலானால் ஒரு பக்கம் மட்டும் தோளில் உட்காரும், பத்து ஸ்பீட் பிரேக்கர் தாண்டியதும் இளகிவிடும். அடியில் ப்ளூ தடவி, ராடில் இறுக்கிக் கழற்றி, தோளில் நீலம் சுற்றிலும் பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். முக்கால் வட்டம் பட்டிருந்தால் திரும்ப லேத்துக்கு. கையால் இறுக்கும்போது பத்து டிகிரி முன்னாலேயே நிற்க வேண்டும். கடைசி இழுப்பில்தான் நேராக வர வேண்டும். ஒரு மயிரிழை அதிகம் எடுத்துவிட்டால் படம் நேரைத் தாண்டிப் போய்விடும், எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. இன்னொரு முழுச் சுற்றுக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை மில்லியையும் எடுத்தாக வேண்டும். அதற்குள் நாபின் உயரமே மாறிவிடும். அந்த நாபை அவர் கஸ்டமருக்குக் கொடுக்க மாட்டார். பழைய இரும்புக் கூடையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திட்டவும் மாட்டார். அதுதான் கஷ்டம்.

இதற்குத்தான் தம்பி, கூலி.

என்ன உலோகம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 50 மில்லி உருண்டையை எடுத்துக்கொண்டால், துளை போடுவதற்கு முன், அலுமினியம் 177 கிராம், எஃகு 515, பித்தளை 555. டெல்ரின் பிளாஸ்டிக் 93-தான். எஃகு பளபளப்பு அழகுதான். 304 ரக எஃகில் டேப் அடிக்கும்போது கொஞ்சம் தயங்கினாலும் உலோகம் இறுகி, டேப் உள்ளேயே முறியும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சித்திரை வெயிலில் வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்து அந்த உருண்டையைப் பிடித்துப் பாருங்கள். பையன்கள் அதற்குக் குழந்தையின் சாக்ஸை மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய நாபுக்குச் சாக்ஸ்!

நான் செய்வது வேறு. 30 மில்லி பித்தளை ராடில் 40 மில்லி வெட்டினால் 240 கிராம் வரும். மரைத் துளை போக 220-க்கு மேல் நிற்கும். அதுதான் உள்ளே எடை. மேலே டெல்ரின் தோல், கேட்டால் ஈட்டி மரம். பித்தளை தூளாக உதிரும், மரை கண்ணாடி போல வரும், கை சுடாது. பார்வைக்குக் கறுப்பாக, சாதாரணமாக இருக்கும். "இதுல என்னங்கண்ணா இருக்கு?" என்று படம் எடுக்கக்கூட மாட்டார்கள்.

இனி மனக்குறை. நாப் கேட்டு வருகிற வண்டிகளில் நாப் தேவைப்படுகிறவை குறைவு. கியர் முரடு என்கிறார்கள். முரட்டுக்குக் காரணம் கீழே இருக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரும் போட்டுப் பார்க்க வேண்டும். அணைத்திருக்கும்போது வெண்ணெயாக விழுந்து, ஓடும்போது மட்டும் மல்லுக்கட்டினால் கிளட்ச் முழுதாக விடவில்லை. காலையில் முரடு, பத்து கிலோமீட்டர் போனால் சரியாகிறது என்றால் ஆயிலைப் பார்க்க வேண்டும். நியூட்ரலில் ராடு லொடலொடவென்று ஆடினால் லிங்கேஜ் புஷ் தேய்ந்துவிட்டது. ஒரே ஒரு கியர் மட்டும் கறகறத்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ. இதை மகனுக்கு அவன் மீசை முளைக்கும் முன்னால் சொல்லிக் கொடுத்தேன். இப்போது சர்வீஸுக்கு விட்டால் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்துவிட்டு "கோடு எதுவும் காட்டலை சார்" என்று வண்டியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். புஷ் தேய்ந்தால் எந்தக் கம்ப்யூட்டர் கோடு காட்டும்?

ஆயிலிலும் அதே அலட்சியம். ஜி.எல்.4 கேட்கிற பெட்டியில், நம்பர் பெரிதாக இருந்தால் நல்லது என்று ஜி.எல்.5 ஊற்றுகிறார்கள். அது டிஃபரென்ஷியல் பல்லுக்கு ஆனது. அதில் வழுவழுப்பு ஏறி சிங்க்ரோ ரிங் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது. அதில் சேர்க்கிற கந்தகச் சரக்கு பித்தளை ரிங்குக்கும் ஆகாது. பிறகு கறகறப்பை மறைக்க அரைக் கிலோ நாப். கனமான நாப் நோயை மறைக்கும். தேய்ந்த ரிங்கின் தடையைக் கைக்குக் காட்டாமல் தாண்டிக்கொண்டே போகும், ஒரு நாள் ரிங் பல்லே போய்விடும். பல் போனபின் கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும்.

புஷ் தேய்ந்த வண்டியில் இன்னொரு வம்பும் உண்டு. மேடு பள்ளத்தில் அந்த அரைக் கிலோ ராடை ஆட்டும். கியர் துள்ளி நியூட்ரலுக்கு வந்து நிற்கும். பொள்ளாச்சி ரோட்டில் ஓவர்டேக் நடுவில் வந்தால் என்ன ஆகும்? எக்ஸ்டென்ஷன் போட்டு ராடை உயர்த்துகிற கூத்து இப்போது வந்திருக்கிறதே, அதில் இது இரட்டிப்பு. ஹுண்டாய், ஃபோர்டு மாதிரி வளையத்தைத் தூக்கி ரிவர்ஸ் போடுகிற வண்டிகளில் அந்த வளையம் நாபோடு சேர்ந்த பாகம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ரிவர்ஸ் விழவில்லை என்று பார்க்கிங்கிலிருந்து போன் செய்கிறார்கள். அழுத்தி ரிவர்ஸ் போடுகிற ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகனுக்கு நாப் மரையிலேயே இல்லை, கிளாம்பில் நிற்கிறது.

மரியாதையும் குறைந்துவிட்டது. ஒரு ஷோரூமில் நான் செய்த நாபைப் பார்த்து, "வெளி சாமான், வாரண்டி போயிரும்" என்று கஸ்டமரைப் பயமுறுத்தி அனுப்பியிருக்கிறார்கள். அதே இடத்தில் ஸ்டிக்கரும் சீட் கவரும் விற்கிறார்கள். லாரி டிரைவர்கள் ராடு தலையில் கலர் அக்ரிலிக் நாப் மாட்டிக்கொள்வார்கள்; அதை அழகுக்கு என்று அவர்களே சொல்வார்கள், கியர் நன்றாக விழுகிறது என்று கதை அளக்க மாட்டார்கள். எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

லேத்துக்குப் பழக வருகிற பையனும் இல்லை. சி.என்.சி.யில் ஒரே மாதிரி ஆயிரம் நாப் அடிக்கிறார்கள். அளவு சுத்தம், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வண்டி ராடின் தோளுக்கு ஃபேஸிங் எடுக்க அந்த மெஷினுக்கு உங்கள் வண்டியைத் தெரியாது. அதனால்தான் லாக் நட் போட்டு அனுப்புகிறார்கள். 2014-ல் கிளட்ச் பெடல் இல்லாத செலேரியோ ஏ.எம்.டி. வந்தபோது, மேன்யுவல் ஓட்டுகிறவர்கள் இருக்கிற வரை நமக்கு வேலை இருக்கும் என்று பக்கத்துப் பட்டறைக்காரரிடம் சொன்னேன். இப்போது என் மருமகளே இரண்டு பெடல் வண்டிதான் வேண்டும் என்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவிநாசி ரோட்டு டிராஃபிக்கில் கிளட்ச் மிதிக்கிற கால் அவளுடையது.

நாப் மாற்ற ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக மாற்றுங்கள். முதலில் புத்தகத்தில் சொன்ன கியர் ஆயிலை மாற்றி ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்கள். புஷ் ஆடினால் புஷ்ஷைப் போடுங்கள். அதற்கு அப்புறமும் கை கேட்டால், 300 கிராமைத் தாண்டாமல் செய்துகொள்ளுங்கள். ஓட்டும்போது கையை நாபின் மேலேயே போட்டு வைக்காதீர்கள், உள்ளே செலக்டர் ஃபோர்க் தேயும். கடைக்கு வரும்போது கம்பெனி நாபைக் கையோடு கொண்டு வாருங்கள். மரை அளவு அதில்தான் இருக்கிறது.